பாரிஸ்காரர் சனிக்கிழமை வருகிறார்

— பெண்டுலத்தைக் கழட்டாமத்தானே கடிகாரத்தைத் தூக்கிட்டு வந்தீங்க?

— கழட்டினேன்னுதான் நினைக்கிறேன், மதாம் கெனெல்.

— நினைக்கிறீங்களா! உள்ள எட்டிப் பாருங்க, முசியே லெபூர். பட்டு நூல் அறுந்து, பெண்டுலம் குப்புறக் கிடக்கு. கழட்டி வெச்ச பெண்டுலம் தானா எழுந்து போய் மாட்டிக்குமா?

— வயசு அறுபத்தி நாலு ஆச்சு. மறதி...

— யாருக்கு மறதி? கடிகாரத் தொழிற்சாலைல முப்பது வருஷம் பேக்கிங் பிரிவுல இருந்தது யாரு? "முதல்ல பெண்டுலம், அப்புறம் பெட்டி!"ன்னு நாள் முழுக்க எங்க காதுல கத்தினது யாரு?

— தொண்டை நல்லா இருந்த காலம் அது.

— பதினாறு வயசுல, அத்தனை பொண்ணுங்க முன்னாடி என்னை நிக்க வெச்சுத் திட்டினீங்க. ஒரே ஒரு கடிகாரம். ஒரே ஒரு தடவை கழட்ட மறந்துட்டேன். அப்போ நீங்க மேஸ்திரிகூட கிடையாது. மேஸ்திரிக்கு எடுபிடி.

— எடுபிடிதான் நிறைய கத்தணும். இல்லைன்னா யாரும் மதிக்க மாட்டாங்க.

— இந்த வருஷம் இது எத்தனாவது தடவைன்னு தெரியுமா?

— மூணாவதா?

— நாலாவது! ஏப்ரல், ஜூன், செப்டம்பர், இப்போ அக்டோபர். ஊர்ல பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?

— கெனெல் கடையில வேலை சரியில்லைன்னு நினைப்பாங்க.

— முசியே!

— சும்மா சொன்னேன்... கோவிச்சுக்காதீங்க. இந்தாங்க. வர்ற வழியில சந்தையில வாங்கினேன். நெஃப்ஷாத்தெல் பாலாடைக்கட்டி.

— எனக்கா? ...இதய வடிவத்துல இருக்கே.

— சதுரம் தீர்ந்துபோச்சு.

— உருளையா ஒண்ணு விப்பாங்களே?

— அதுவும் தீர்ந்துபோச்சு. ஒரே கூட்டம்.

— காலைல எட்டு மணிக்கா?

— ...மதாம், கடிகாரம் எப்போ கிடைக்கும்?

— அடுத்த வாரம்.

— அடுத்த வாரம் ஆகாது. பாரிஸ்காரர் சனிக்கிழமை வர்றார்.

— எந்தப் பாரிஸ்காரர்?

— அதான், பழைய கடிகாரம் வாங்கறவர். கடிதம் எழுதினேனே.

— ஓ. பதில் வந்துச்சா?

— ...வந்துச்சு.

— என்னைக்கு?

— திங்கள்... இல்லை, செவ்வாய்.

— திங்களா, செவ்வாயா?

— ரெண்டுக்கும் நடுவுல.

— அப்படியா. கையெழுத்து எப்படி இருந்துச்சு? பெரிய ஆளாச்சே, அழகா எழுதுவாரே?

— சுமாரா இருந்துச்சு. எதுக்கு இத்தனை கேள்வி? சனிக்கிழமை அவர் வந்து வாங்கிட்டுப் போவார். ஞாயித்துக்கிழமை என் பையன் வண்டியோட வருவான். நான் அவன்கூடவே இருக்க ரூவானுக்குக் கிளம்பறேன். அவ்வளவுதான்.

— முடிவே பண்ணிட்டீங்க.

— முடிவே பண்ணிட்டேன்.

— ...அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்க. நின்னுக்கிட்டே பேசினா என் கழுத்து வலிக்குது. காபி வேணுமா?

— உங்களுக்கு சிரமம் இல்லைன்னா.

— சிரமம்தான். உட்காருங்க... பையன் வீடு எத்தனாவது மாடி?

— அஞ்சாவது. போர்ல குண்டு போட்டு இடிச்ச இடத்துல புதுசா கட்டினது. மாடி ஏறத் தேவையில்லை, லிஃப்ட் இருக்கு. ஆனா விறகு எரிக்கற கணப்பு கிடையாது. சுவர் ஓரமா இரும்புக் குழாய். அதுல சூடு வருது.

— கணப்பு இல்லைன்னா கணப்பு மேடையும் இல்லை.

— மேடை இல்லைன்னா கடிகாரம் எங்க வைக்கறது? மருமகளைக் கேட்டேன். குளிர்பெட்டி மேல வைக்கலாம்னா.

— குளிர்பெட்டி மேலயா! நூத்தி இருபத்தேழு வயசுக் கடிகாரத்தையா!

— நானும் அப்படித்தான் கத்தினேன். "மாமா, அரை மணிக்கொரு தரம் அடிச்சா கீழ் வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க"ன்னா. நல்ல பொண்ணுதான்... தப்பா சொல்லல அவ.

— அந்த விளக்கை இப்படித் தள்ளுங்க. இயந்திரத்தை வெளிய எடுக்கறேன்.

— மதாம்... பாரிஸ்காரர் கேட்டா நான் என்ன சொல்றது? இதைப் பத்தி.

— உங்க கொள்ளுத்தாத்தா கல்யாணத்துக்கு வாங்கின கடிகாரம். என்னைக் கேக்கறீங்க?

— நீங்க சொன்னா கேக்க நல்லா இருக்கும்.

— போன தடவையும் சொன்னேன்.

— போன தடவை பாரிஸ்காரர் இல்லையே.

— ...சரி, கேளுங்க. இது பிறந்தது இங்க. நம்ம ஊர்ல இருக்கற இந்த ஒரே தெருவுல எவனோ ஒருத்தன் வீட்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து இந்தப் பல்சக்கரத்தை எல்லாம் அரம் வெச்சு ராவினான். வெறும் இயந்திரம். உடம்புல துணி இல்லாத குழந்தை மாதிரி. குதிரை வண்டியில பாரிஸுக்குப் போச்சு. அங்க ஒருத்தன் வெண்கலத்துல இந்த மாலுமியையும் நங்கூரத்தையும் வார்த்தான். இன்னொருத்தன் வெள்ளை எனாமல் தட்டுல மணி எண்ணை எழுதினான். அப்புறம் தங்கம் பூசறவன். பாதரசத்துல தங்கத்தைக் கரைச்சு, வெண்கலத்து மேல தடவி, நெருப்புல காட்டுவான். பாதரசம் புகையா போயிடும், தங்கம் ஒட்டிக்கும்.

— புகை எங்க போகும்?

— அவன் நெஞ்சுக்குத்தான். முதல்ல பல்லு விழும், அப்புறம் கை நடுங்கும். நாப்பது வயசைப் பார்த்தவங்க குறைவு. இந்த மாலுமி முகத்துல இத்தனை வருஷமா மங்காம இருக்கே இந்த மஞ்சள், அது ஒருத்தனோட மூச்சு.

— என் பொண்டாட்டி ஜொஸெத்துக்கு இந்த மாலுமியைக் கண்டாலே ஆகாது. "வேலை வெட்டி இல்லாம நங்கூரத்துல சாஞ்சுக்கிட்டு என்னையே பார்க்கறான்"னு சொல்வா. தூசி துடைக்கும்போது அவன் மூஞ்சியை மட்டும் அழுத்தித் துடைப்பா.

— அதான் மூக்கு தேஞ்சு போச்சா! நான் போய்ச் சேர்ந்த என் வீட்டுக்காரர் கஸ்தோன் மேல சந்தேகப்பட்டேன்.

— பாவம் கஸ்தோன்.

— எல்லாம் முடிஞ்சதும் கடைக்காரன் முகப்புல தன் பேரை எழுதிக்கிட்டான். செஞ்ச நாலு பேருல ஒருத்தன் பேரும் எங்கயும் இல்லை. அதனாலதான் பழுது பார்க்கறவங்களுக்கு ஒரு வழக்கம் வந்துச்சோ என்னவோ. திறந்தா, மூடறதுக்கு முன்னாடி, உள்தகட்டுல ஊசியால ஒரு கீறல் போடணும். வருஷம், பேரோட முதல் எழுத்து, மனசுல இருந்தா ஒரு வார்த்தை. வீட்டுக்காரங்க கண்ணுக்குத் தெரியாத இடத்துல. அடுத்து திறக்கறவனுக்கு மட்டும்.

— அதை எனக்கு நீங்க காட்டினதே இல்லை.

— காட்டக் கூடாது. தொழில் ரகசியம்.

— ஞாயித்துக்கிழமை ஊரை விட்டே போறேன். யார்கிட்ட போய் சொல்லப் போறேன்?

— ...இந்த பூதக்கண்ணாடியைப் பிடிங்க. ஓரமா பாருங்க.

— "1871. ப்ருஷ்யர்கள் ஊருக்குள்ளே. விரல் விறைக்கிறது."

— பாவம், அந்த ஜெர்மன் பட்டாளத்தானுங்க விறகைக்கூட அள்ளிட்டுப் போயிட்டானுங்க போல. அதுக்குக் கீழ?

— "1903. மாலுமி சோம்பேறி, ஐந்து நிமிடம் பின்தங்குகிறான்."

— பட்டு நூல் அப்படித்தான். மழை வந்தா நீளும், கடிகாரம் மெதுவாயிடும். வெயில் வந்தா சுருங்கும், ஓட ஆரம்பிச்சுடும். மனுஷன் மாதிரி. அடுத்தது படிங்க.

— "1916. மகன் வெர்தன் போர்முனையில். மணிச் சத்தம் இல்லாத வீட்டில் தூங்க முடியவில்லை என்கிறாள்..." மதாம்.

— என்னாச்சு?

— இது எங்கம்மா.

— ஆமா.

— நான்தான் வெர்தன்ல இருந்தேன். அம்மா இதைச் சொன்னதே இல்லை. நான் திரும்பி வந்தப்போ கதவைத் திறந்துட்டு "காலைத் துடைச்சுட்டு உள்ள வா"ன்னு மட்டும்தான் சொன்னா. நாப்பது வருஷம் என் வீட்டு கணப்பு மேல இது இருந்திருக்கு, எனக்குத் தெரியாது.

— காபி ஆறுது. குடிங்க... நான் முதல் தடவை திறந்தப்பவே படிச்சேன். உங்ககிட்ட சொல்லணும்னு இருந்துச்சு. சொல்லக் கூடாதுன்னு வழக்கம்.

— நல்லவேளை சொன்னீங்க.

— நான் சொல்லலை. நீங்க படிச்சீங்க.

— கஸ்தோனோட கீறல் எங்க இருக்கு?

— வலது பக்கம். முப்பத்தெட்டு ஒண்ணு, நாப்பத்தொன்பது ஒண்ணு. அவர் தேதி மட்டும்தான் போடுவார். பேசறதுலயே கஞ்சம்.

— அதுக்குப் பக்கத்துல... "1956. M.Q. மறுபடி ஓடுகிறது." Q-ன்னா கெனெல், இது நீங்க.

— நான்தான்.

— நினைவிருக்கு. ஜொஸெத் போன அன்னைக்கு, சாவு வீட்டு வழக்கப்படி கடிகாரத்தை நிறுத்தினேன். அடக்கம் முடிஞ்சு வந்ததும் திரும்ப ஓட விடணும். எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. எனக்குக் கை வரலை. இன்னைக்கு வேண்டாம், நாளைக்குன்னு பதினாலு மாசம். ஒரு நாள் நீங்க கதவைத் தட்டினீங்க. "எண்ணெய் காஞ்சிருக்கும், பார்க்கணும்"னு.

— எண்ணெய் காயத்தான் செய்யும்.

— யாரும் கூப்பிடாம?

— எண்ணெய் யாரையும் கேட்டுக்கிட்டா காயுது?

— எல்லாத்தையும் சுத்தம் பண்ணி, திரும்ப என் மேடையில வெச்சு, அதுக்கு முன்னாடி தரையில முட்டி போட்டு உட்கார்ந்து அரை மணி நேரம் காது குடுத்துக் கேட்டீங்க. டிக்... டக். டிக்... டக்.

— கேட்டுத்தான் ஆகணும். உங்க மேடை இடது பக்கம் சாய்ஞ்சிருக்கு. வீடு கட்டினவன் குடிச்சுட்டுக் கட்டியிருக்கான். இங்க சமமான மேசைல சரிபண்ணி அனுப்பினா அங்க நொண்டும். அங்க சாயறதுக்கு ஏத்த மாதிரி உள்ள கம்பியை வளைச்சாத்தான் ரெண்டு சத்தத்துக்கும் நடுவுல இடைவெளி ஒண்ணா இருக்கும். நூத்தி இருபத்தேழு வருஷமா யார் யாரோ அந்தச் சாய்வுக்குத்தான் இதை வளைச்சிருக்காங்க. பாரிஸ்காரர்கிட்ட சொல்லிடுங்க, அவர் கடையில வெச்சா நின்னுடும்.

— சொல்லிடறேன்.

— வேற எங்க வெச்சாலும் நொண்டும்.

— புரியுது.

— உங்களுக்கு ஒண்ணும் புரியலை... நூலைக் கத்தரிக்கணும். அந்த முனையைப் பிடிங்க. இழுக்காதீங்க! சும்மா பிடிங்க.

— இந்த வருஷத்துக் கீறல் எல்லாம் எங்க?

— அது வேண்டாம்.

— இதோ... "ஏப்ரல், நூல்." "ஜூன், நூல்." "செப்டம்பர், மறுபடி நூல்." இன்னைக்கு என்ன போடுவீங்க?

— "முட்டாள்"னு போடலாம்னு இருக்கேன். நூறு வருஷம் கழிச்சுத் திறக்கறவன் என்ன நினைப்பான்? யாருடா இவன், ஒரே வருஷத்துல நாலு தடவை...

— அவன் கடிகாரக்காரனா இருந்தா சரியாத்தான் நினைப்பான்.

— என்னன்னு?

— ...ஒண்ணுமில்லை.

— முசியே லெபூர். என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. ஏப்ரல்ல என்ன நடந்துச்சு?

— ஏப்ரல்ல நிஜமாவே மறந்துட்டேன். சத்தியமா.

— ஜூன்ல?

— ஜூன்ல... பாதி மறதி.

— பாதி மறதின்னா?

— வாசல்ல வந்ததும் நினைவு வந்துச்சு. திரும்ப உள்ள போகலை.

— செப்டம்பர்?

— பெண்டுலம் கொக்கியில நல்லா மாட்டியிருக்கான்னு பார்த்துட்டுத்தான் கிளம்பினேன்.

— கடவுளே. இன்னைக்கு?

— இன்னைக்கு ரயில்வே கேட்டைச் சுத்தி, அந்தக் குண்டும் குழியுமான பாதையில ரெண்டு தடவை நடந்தேன். நூல் அறுபடவே மாட்டேன்னுச்சு. போன தடவை நல்லாக் கட்டியிருந்தீங்க.

— அப்புறம்?

— குலுக்கினேன்.

— குலுக்கினீங்களா! பேக்கிங் மேஸ்திரி!

— சிரிக்காதீங்க. வேற என்ன செய்ய? என் வீட்ல இருக்கறது ஒரே ஒரு கடிகாரம். அது கெட்டாத்தான் நான் இந்தக் கடைக்கு வர முடியும். ஞாயித்துக்கிழமை போறதுக்குள்ள கடைசியா ஒரு தடவை உட்கார்ந்து பேசிட்டுப் போகணும்னு இருந்துச்சு. உங்களைத் தொந்தரவு பண்ணணும்னு இல்லை. அதான் எல்லாத்தையும் கடிதத்துலயே எழுதிட்டேனே.

— எந்தக் கடிதத்துல?

— அந்தக் கடிதத்துல.

— பாரிஸ்காரருக்கு எழுதினதுலயா? கடிகாரத்தைக் குலுக்கறதையா எழுதினீங்க?

— மதாம்... நீங்க அதைப் படிக்கலையா?

— நான் எதுக்குப் படிக்கணும்?

— மூணு வாரம் முன்னாடி உங்க கையில குடுத்தேனே! "அவர் முகவரி உங்ககிட்டதானே இருக்கு, நீங்களே உறையில எழுதிப் போட்டுடுங்க. ஒட்டலை. கடிகாரத்தைப் பத்தி தப்பா எழுதியிருந்தா படிச்சுத் திருத்துங்க"ன்னு சொன்னேனே!

— சொன்னீங்க.

— படிச்சிருப்பீங்கன்னு நினைச்சேன்.

— படிக்கலை. அவருக்குப் போடவும் இல்லை.

— போடலையா?

— அந்த இழுப்பறையில இருக்கு. நீங்க திங்களுக்கும் செவ்வாய்க்கும் நடுவுல பதில் வந்துச்சுன்னு சொன்னப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எனக்குத் தெரியாம இன்னொண்ணு எழுதிட்டீங்களோன்னு பயந்தேன்.

— ஏன் படிக்கலை?

— தினமும் ராத்திரி கடையை மூடும்போது எடுப்பேன். விலை எவ்வளவு கேட்டிருக்கீங்க, எப்போ விக்கறீங்கன்னு எல்லாம் அதுல இருக்கும். படிச்சா போட வேண்டியிருக்கும். போட்டா அவர் வந்து எடுத்துட்டுப் போயிடுவார். கடிகாரம் போயிட்டா, அப்புறம் இந்தக் கடை வாசல்ல உங்களுக்கு என்ன வேலை? திரும்ப உள்ள வெச்சுடுவேன். சரிதானா, தப்பான்னு நான் யோசிக்கவே இல்லை. உங்க கடிதம், நான் மறைச்சுட்டேன். திட்டணும்னா திட்டுங்க.

— அது பாரிஸ்காரருக்கு எழுதினது இல்லை.

— என்ன?

— எடுங்க. எடுத்துப் படிங்க.

— இப்பவா?

— நான் வேணா வெளிய நிக்கறேன்.

— உட்காருங்க! ...கண்ணாடி எங்க போச்சு? மூக்கு மேலயே இருக்கு. "மதாம் கெனெல் அவர்களுக்கு. பாரிஸ்காரருக்கு ஒன்றும் எழுத வேண்டாம். கடிகாரத்தை விற்கும் எண்ணம் எனக்கு இல்லை. அது அரை மணிக்கு ஒருமுறை அடிக்கிறது. எண்ணுவதற்கு அந்த வீட்டில் நான் ஒருவன்தான் இருக்கிறேன். நீங்களும் அங்கே வந்து இருந்தால் எனக்கு மிகவும் சந்தோஷமாக இருக்கும். ஊரறிய, முறைப்படி கேட்கிறேன். உங்களுக்கு விருப்பம் இல்லையென்றால்..."

— மீதியையும் படிங்க.

— "...விருப்பம் இல்லையென்றால் ஒன்றும் சொல்ல வேண்டாம். கடிதத்தைக் கணப்பில் போட்டுவிடுங்கள். நான் புரிந்துகொள்வேன். ஒனொரே லெபூர்."

— நீங்க ஒண்ணும் சொல்லலை.

— ஒண்ணும் சொல்ல வேண்டாம்னா எழுதுவீங்க? எந்த மடையனாவது அப்படி எழுதுவானா!

— உங்களுக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுன்னு...

— மூணு வாரம்! நான் வாயைத் திறக்காததுதான் என் பதில்னு நினைச்சுக்கிட்டீங்களா?

— முதல் வாரம் தினமும் காத்திருந்தேன். ரெண்டாவது வாரம் புரிஞ்சுதுன்னு நினைச்சேன். மூணாவது வாரம் பையனுக்கு எழுதிட்டேன், வண்டி எடுத்துட்டு வாடான்னு. நீங்க தெரியாத மாதிரி இருக்க விரும்பறீங்கன்னு நினைச்சேன். அதான் நானும் பாரிஸ்காரர், சனிக்கிழமைன்னு உளறிக்கிட்டிருந்தேன்.

— அப்போ சனிக்கிழமை யாரும் வரலை.

— யாரும் வரலை. இதை உங்ககிட்டயே விட்டுட்டுப் போகலாம்னுதான் தூக்கிட்டு வந்தேன். உங்க மேடையில வெச்சா நொண்டும்னு தெரியும். ஆனா நீங்க கம்பியை வளைச்சு சரிபண்ணிடுவீங்க... மதாம்? ஏதாவது பேசுங்க. மறுபடி பேசாம இருக்காதீங்க. எனக்கு பயமா இருக்கு.

— யோசிச்சுட்டிருக்கேன்.

— என்னன்னு?

— ரூவானுக்குப் பத்து மணித் தபால்ல போட்டா நாளைக்குப் போய்ச் சேர்ந்துடும்ல?

— சேர்ந்துடும். எதுக்கு?

— அந்த மேசைல காகிதம் இருக்கு. பேனா அதுக்குப் பக்கத்துலயே. உங்க பையனுக்கு எழுதுங்க, வண்டி வேண்டாம்னு.

— ...மதாம் கெனெல்.

— சீக்கிரம். மணி ஒன்பதரை.

— ஏன்னு கேட்பானே. என்ன காரணம் எழுதட்டும்?

— உங்களுக்குத் தெரிஞ்ச காரணத்தை எழுதுங்க. எனக்குத் தெரியாத மாதிரி இனிமே நான் இருக்க முடியாது.

— எழுதறேன்... அவசரத்துல தப்பாப் போகுது. முகவரியை இந்தத் தடவை நானே எழுதிடறேன். இந்தாங்க. ஒட்டிடட்டுமா?

— ஒட்டாதீங்க, ஒனொரே. இனிமே உங்க கடிதம் எதையும் படிக்காம விடமாட்டேன்.